அம்பத்தூர்-4 எங்கே இருந்தது

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் ஒரு நடை, மாலையில் இன்னொரு நடை, நடுவில் வீட்டுக்குள்ளேயே நடை. "செக்குமாடு தோத்துச்சு போ" என்கிறாள் மனைவி.

போன வாரம் விக்னேஷ் போன் செய்தான். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஹோஸ்டிங் கம்பெனியை இப்போது நடத்துகிறவன் அவன்தான். பிறருடைய வெப்சைட்டையும் கோப்புகளையும் எங்கள் சர்வரில் வைத்து, இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிடுவதுதான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு.

"அண்ணே, ராயபுரம் ரூமைக் காலி பண்ணிட்டு எல்லாத்தையும் கிளவுடுல ஏத்தப் போறோம். லொகேஷன் இன்னா போடறதுன்னு கேக்குது. மும்பையா, சிங்கப்பூரா? நீ இன்னா சொல்றே?"

திரையில் ஒரு ஊர்ப்பெயரைத் தொட்டால் போதுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதையாவது தொட்டுத் தொலை" என்று வைத்துவிட்டேன். பாவம், அவன் மேல் என்ன தப்பு? அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது வரை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாகிவிட்டது.

நான் தொழில் கற்ற கதை சின்னது. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியின் கம்ப்யூட்டர் அறையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டினேன். திட்டு வாங்கிக் கற்றது பாதி, கெடுத்துக் கற்றது பாதி. ஏஜென்சியை மூடினார்கள். ராயபுரத்தில் தன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கப்பல்களுக்குக் கயிறும் பெயின்டும் விற்றுக்கொண்டிருந்த சம்சுதீன் பாய், இரண்டாவது மாடியில் சர்வர் வைத்துத் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

பாய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசுவது, டீ குடிப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் நின்றபடிதான். நாம் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் நாம் தோற்றோம்.

சர்வரை எங்கே வைப்பது என்று முதல் வாரமே வந்துவிட்டது பேச்சு. நான் ஒரு தாளில் மூன்று வழிகளை எழுதிக்கொண்டு போனேன். வெளிநாட்டில் வாடகைக்கு எடுக்கலாம், மலிவு. அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் அலமாரி வாடகைக்குக் கிடைக்கும். கரன்ட், ஏசி கவலை இல்லை. அல்லது ராயபுரத்தில் நம் மாடியிலேயே வைக்கலாம். அது வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் திருகாணி பச்சை பூத்துவிடும். கரன்ட் போவதும் வருவதும் யார் கையிலும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கண்ணைத் திறந்தார். "நம்ம கஸ்டமரு யாரு? ராயபுரம், மணலி, எண்ணூரு. அவன் பொருளு கெட்டுப்பூட்ச்சின்னா அவன் யார் சட்டையப் புடிப்பான்?"

"நம்ம சட்டையத்தான் பாய்."

"அப்ப சட்டையப் புடிக்கிற தூரத்துலதான் கடை இருக்கணும். உப்பு எனுக்குத் தெரியாதா சேகரு? மூணு தலைமுறையா உப்புல பொழைக்கிறவன்."

கடைசியில் பாதிக்குப் பாதி ஒத்துக்கொண்டார். முக்கியப் பெட்டி ராயபுரத்தில், நகல்களுக்கு இன்னொரு பெட்டி அம்பத்தூரில். கூடவே ஒரு சட்டமும் போட்டார். யாருடைய சர்வர் விழுந்தாலும், வேலையில் இருந்தவன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தால் நான் வாங்கிய வசவுகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். மீன் ஏற்றுமதிக்காரர் ஒருவர் ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டே வந்தார். ஆனால் அந்த வருடங்களில் ஒரு ஆள்கூட எங்களை விட்டுப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பெட்டியை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி. ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல சின்னக் கம்ப்யூட்டர்களாகப் பிரித்து வாடகைக்கு விட வேண்டும். இரண்டு வழி இருந்தது. ஒன்றில் எல்லாருக்கும் அடித்தளம் பொது. நாற்பது பேரை அடைக்கலாம். இன்னொன்றில் ஒவ்வொருவருக்கும் முழுசாகத் தனிக் கம்ப்யூட்டர் போலவே இருக்கும், வி.எம். என்போம், பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது.

"ஒண்டுக்குடித்தனம், தனி வூடு, அவ்ளோதானே?" என்றார் பாய். கண்ணை மூடித் திறந்தார். "ஒர்த்தன் கொழாயத் தொறந்து உட்டுட்டு ஊருக்குப் பூட்டான்னா?"

"மத்தவனுக்குத் தண்ணி வராது பாய்."

"அப்ப தனி வூடாக் கட்டு."

கட்டினேன். அந்தக் காலத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். வி.எம். என்பது கடைசியில் ஒரு கோப்புதான். வீடு என்று சொன்னோமே, அந்த வீட்டைச் சுருட்டிக் கம்பி வழியாக ராயபுரத்திலிருந்து அம்பத்தூருக்கு அனுப்பி அங்கே விரித்துவிடலாம். குடியிருக்கிறவனுக்கே தெரியாது. பெயர் மாறாது, முகவரி மாறாது. மந்திரவாதி மாதிரி மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒவ்வொரு வி.எம்.முக்கும் இருக்கிற ஊரை வைத்தே பெயரிட்டேன். ராயபுரம்-1, ராயபுரம்-2, அம்பத்தூர்-1, அம்பத்தூர்-2 என்று. தினமும் காலை ஒன்பது மணிக்கு அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உயிரோடு இருக்கிறதா, இடம் எவ்வளவு பாக்கி, கடைசி நகல் எப்போது என்று பார்த்துப் பேனாவால் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவேன். பாய் அதை வாங்கி ஃபைலில் குத்துவார். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில்கூட வந்து டிக் அடித்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் செல்வி வந்தார். காலடிப்பேட்டைக்காரர். மணலியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒப்பந்த வேலை. அங்கே இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கத்துக்குச் செயலாளர்.

"வருசா வருசம் புது கேட் பாஸ் குடுக்கச்சொல்ல பழசைத் திருப்பி வாங்கிக்கறாங்கண்ணே. பர்மனென்ட் பண்ணுன்னு கேஸ் போட்டா, நீ இங்க வேலையே செய்யலியேன்றாங்கோ. கையில காட்றதுக்கு ஒண்ணுமில்ல. அத்தொட்டு, பல வருசமா, திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னால எல்லார் பாஸையும் போட்டோ எடுத்து வெச்சிகினு வர்றேன். இருநூறு பேருக்கு மேல கீறாங்கோ. எல்லாம் போன்லயே கீது. போனு கெட்டுப்பூட்டா கேஸும் கெட்டுப்பூடும்."

வழக்கமாக வருகிறவர்கள் வேகம் கேட்பார்கள், இடம் கேட்பார்கள். செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மழை வந்தா எங்க பக்கம் பூரா ஒண்ணா முழுவும். ஒரு காப்பி இந்தப் பக்கமே இருக்கக் கூடாது. முடியுமா?"

"ஒண்ணு ராயபுரம், ஒண்ணு அம்பத்தூர். நான் பொறுப்பு" என்றேன். அவருடைய நகலுக்கு அம்பத்தூர்-4 என்று பெயர் வைத்தேன். படங்களை எல்லாம் ஏற்றி முடித்த அன்று, போனில் இடமே இல்லை, அழிக்கலாமா என்று கேட்டார். அழிக்கலாம் என்று சொன்னவன் நான்.

அடுத்த வருடம் அம்பத்தூர் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் வட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்த ஐந்து வி.எம்.களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராயபுரம் பெட்டிக்குக் கொண்டுவந்தேன். அம்பத்தூர் போய் வட்டுகளை மாற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினேன். மூன்று போனது. நாலாவது போகிறபோது லைன் அறுந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எதற்கோ பள்ளம் தோண்டியவர்கள் எங்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளத்தைத் தேடி ஓடினேன். தோண்டியவர்களிடம் சண்டை, கேபிள்காரரிடம் கெஞ்சல், இருட்டும் நேரத்தில்தான் லைன் வந்தது. அலுப்போடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. தாளை எடுத்தேன். அம்பத்தூர்-4, உயிரோடு இருக்கிறது. டிக். அம்பத்தூர்-5, எங்கள் சொந்தப் பரிசோதனைக்காக வைத்திருந்தது, அதுவும் உயிரோடு இருக்கிறது. டிக். கையெழுத்து.

இரண்டும் ராயபுரத்தில்தான் இருந்தன. செல்வியின் அசலும் நகலும் ஒரே பெட்டிக்குள், ஒரே வட்டுகளின் மேல். பெயரில் மட்டும் அம்பத்தூர். பதினோரு மாதம் நான் தினமும் அந்தப் பெயரைப் படித்து டிக் அடித்தேன். எங்கே இருக்கிறாய் என்று ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை. கேட்க ஒரே ஒரு கட்டளை போதும், அரை நிமிட வேலை. விக்னேஷ், இதைப் படிக்கிறாயா? நீ சிங்கப்பூரைத் தொடு, மும்பையைத் தொடு. பெயரைப் படிக்காதே. எங்கே இருக்கிறது என்று தினமும் கேள்.

கத்தரி வெயிலில் ஒரு பகல், கரன்ட் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது. வட்டுகளை மேய்க்கிற கார்டு ஏற்கெனவே உப்பில் அரித்துக் கிடந்திருக்க வேண்டும். பைத்தியம் பிடித்து எல்லா வட்டிலும் கண்டதை எழுதிவிட்டு உயிரை விட்டது. நான் பதறவில்லை. எல்லாருடைய நகலும் அம்பத்தூரில் இருக்கிறது என்று தெம்பாக ஒவ்வொன்றாக எழுப்பினேன். ஒருவர் எழுந்தார், இருவர் எழுந்தார். அம்பத்தூர்-4 என்று தட்டினேன். அப்படி ஒன்று இங்கே இல்லை என்று பதில் வந்தது. மறுபடி தட்டினேன். எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் பள்ளமும் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

வட்டுகளைத் தூக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்கு ஓடினேன். கெட்ட வட்டிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருகிறவர் ஒருவர் மூன்று நாள் முயன்று, ஒப்புக்குச் சில துண்டுப் படங்களைத் தந்தார். பாதி முகம், பாதிக் கையெழுத்து. பாயிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. சாவிக் கொத்திலிருந்து பைக் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

காலடிப்பேட்டை பத்து நிமிடத் தூரம். அன்று சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டியை இரண்டு தடவை ஓரம் கட்டினேன். திரும்பிவிடலாமா என்று நினைத்ததை மறைப்பானேன்?

செல்வி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார்.

"ராயபுரத்து மிசின் பூட்ச்சி, சரி. அம்பத்தூர்ல கீதில்ல?"

"அம்பத்தூர்ல இல்லம்மா. இருக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். ரெண்டும் ஒரே பெட்டியில இருந்திச்சு. என் தப்பு."

"வாரா வாரம் போன் பண்ணிக் கேட்டேனேண்ணே. கீதுன்னு சொன்னியே."

அவர் கத்தவில்லை. சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அடுத்த மாதம் ஆவணங்களை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஒரு ஏச்சாவது ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வுடு. யாராண்ட இன்னா மிச்சம் கீதுன்னு பாக்கலாம். நீயும் வா" என்றார்.

மூன்று வாரம் அவரோடு வீடு வீடாகப் போனேன். மணலி புதுநகர், எர்ணாவூர், எண்ணூர் குப்பங்கள். பழைய போன்களைப் பரணிலிருந்து இறக்கிச் சார்ஜ் போட்டோம். மச்சினனுக்கு அனுப்பிய படம், மகள் கைபேசியில் தங்கிய படம் என்று தோண்டித் தோண்டி எடுத்தோம். கதவைத் திறக்கிற ஒவ்வொருவரிடமும் நான்தான் தொலைத்தவன் என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர்களில் ஒருவர் முனுசாமி. வால்வு பழுதுபார்க்கும் பிரிவில் உதவியாளர், பதினைந்து வருடம். அவரிடம் எப்போதும் பட்டன் போன்தான்; அவருடைய பாஸ்களை எல்லாம் செல்வியே படம் எடுத்திருந்தார். வழக்குப் போட்டதும் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காசிமேட்டில் ஐஸ் சுமந்துகொண்டிருந்தார்.

"அப்ப நான் அங்க வேலையே செய்யலன்றியா நைனா?" என்றார்.

"செஞ்சீங்கண்ணே. நான் பாத்தேன்."

உண்மையாகவே பார்த்திருந்தேன். அவர் படங்கள் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து ஏறியிருந்தன. செல்வி சொன்னதால், ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தவன் நான். முதல் பாஸில் மீசை கருகருவென்று இருந்தது. ஒவ்வொரு பாஸிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்து, கடைசிப் பாஸில் முழு வெள்ளை. பிரிவின் பெயர் மட்டும் மாறவே இல்லை. இதை அவரிடம் சொன்னேன்.

"இத்த கோர்ட்டாண்ட வந்து சொல்வியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பாயிடம் போனேன். இந்த ஒரு தடவை பாய் நடந்தார். மேசைக்கும் ஜன்னலுக்கும் நாலைந்து தடவை போய் வந்தார். "நீ கூண்டுல ஏறி நாங்கதான் தொலைச்சோம்னு சொன்னேன்னு வெச்சிக்கோ, நாளைக்கு நம்மளாண்ட எவன் மிசின் வெப்பான்? கீழ கயிறு விக்கிறதோட நிக்க வேண்டிதான்" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எனக்கு வேறு வேலை தெரியாது, மகள் கல்யாணம் வேறு இருந்தது. அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பதினோரு மாதத்து டிக் தாள்கள் இருந்த ஃபைலை எடுத்து என் கையில் வைத்தார். "போறதுன்னா பாதி சொல்லாத. இத்தயும் எடுத்துகினு போ."

தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஃபைலைத்தான் முதலில் கேட்டார்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமாம்."

"அம்பத்தூர்-4 நலம் என்று முந்நூறு தடவைக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அது அம்பத்தூரில் இருந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் முந்நூறு தடவை பொய் எழுதியிருக்கிறீர்கள்."

"தெரியாமல் எழுதினேன்."

"சரி. முனுசாமியின் கேட் பாஸ் எண் ஏதாவது ஒன்று சொல்லுங்கள்."

எண் நினைவில் இல்லை. மீசை நினைவில் இருந்தது. அதைச் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"தன் கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாதவருக்கு, அடுத்தவர் மீசை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

மற்றவர்களுக்குத் தீர்ப்பு சாதகமாகத்தான் வந்தது. முப்பத்தெட்டுப் பேரின் மனுவை மட்டும் ஆதாரம் போதவில்லை என்று தள்ளிவிட்டார்கள். மேல் முறையீடு இன்னும் நடக்கிறது. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கைந்து பேர் போனார்கள், வேறு நான்கைந்து பேர் வந்தார்கள். எனக்கு அதுவே கூசியது.

கூண்டிலிருந்து இறங்கிய அன்று வாசலில் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். கையில் எலுமிச்சைச் சாறு இரண்டு டம்ளர். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"கெடுத்துட்டேண்ணே" என்றேன்.

"ஆமா, கெடுத்துட்டேதான். அத்த நான் மறக்க மாட்டேன். எனுக்கு அந்தப் பெருந்தன்மைல்லாம் கெடையாது." ஒரு மடக்குக் குடித்தார். "பதினஞ்சு வருசம் அந்த கேட்டுல பூந்து வெளிய வந்துகினு இருந்தேன் நைனா. கூட வேலை செஞ்சவன் எத்தினி பேரு, தெனம் சலாம் போட்ட வாட்ச்மேனு எத்தினி பேரு. கூப்ட்டப்போ ஒர்த்தன் வரல. இவன் அங்க இருந்தான், நான் பாத்தேன்னு கூண்டுல ஏறிச் சொன்னவன் நீ ஒர்த்தன்தான். தொலைச்சவன் வந்து சொல்ல வேண்டிகீது பாரு."

டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் கொடுக்கப் போனார். காசிமேட்டில் மாலை லோடுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே பஸ் பிடித்துப் போய்விட்டார்.